ஊசி போட நாலு வருடப் படிப்பா? வியாசர்பாடி அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், நர்ஸிங்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். நீங்களோ "ஊசி போடவும் பெட்பான் வைக்கவும் நாலு வருடமா, அதில் தியரி பாடம் வேறயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தியரியிலிருந்தே தொடங்குகிறேன். எந்தக் கல்லூரி என்ற உங்கள் அடுத்த கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற ஒருவர், சர்க்கரை நோயாளி, காலில் புண்ணோடு வார்டில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் இன்சுலின் எழுதுகிறார், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடச் சொல்கிறார். அதை மட்டும் செய்து அனுப்பினால் அதே காலோடு மறுபடியும் வந்து நிற்பார். டொரோதியா ஓரெம் என்ற அமெரிக்கச் செவிலியரின் கோட்பாட்டை உங்கள் மகள் படிப்பாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இந்த நோயாளியால் எது முடியும், எது முடியாது, முடியாத இடத்தில் நாம் எவ்வளவு கை கொடுப்பது என்பதுதான் அதன் சாரம். சில நேரம் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும், சில நேரம் பாதி, சில நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

இதைப் படித்த செவிலியர் கட்டுப் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். வேலையில் காலுக்கு என்ன போடுகிறீர்கள்? விடியுமுன் துறைமுகத்துக்குப் போனால் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு? வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, இன்சுலினை எங்கே வைப்பீர்கள்? சிரிஞ்சில் இருக்கிற கோடு கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் வீட்டில் யார் போடுவார்கள்? அப்புறம் அவர் கையாலேயே ஒரு தடவை மருந்தை இழுத்துக் காட்டச் சொல்வார். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், மீன் முள் ஏறினால்கூடத் தெரியாது. அதனால் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். நோயாளியின் நிலையை மதிப்பிடு, சிக்கலைக் கண்டுபிடி, திட்டம் போடு, செய், பலன் தந்ததா என்று பார். செவிலியர் செயல்முறை என்று பாடத்தில் வருவது இதுதான். பெட்பானும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதை எடுக்கும்போதே சிறுநீரின் நிறத்தையும் அளவையும் கவனித்துக் குறிக்கிற கண்ணுக்குத்தான் படிப்பு.

இந்தப் படிப்பால் பலன் உண்டா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பட்டம் படித்த செவிலியர்கள் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்ந்த நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு செவிலியர் தலையில் ஒரு நோயாளி கூடுதலாக ஏறினால் அதே 7 சதவீதம் கூடியது. இரண்டாவது கணக்கை நம் ஊர் நிர்வாகங்கள் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

சரி, எங்கே சேர்ப்பது? ஏசி வகுப்பறையையும் கல்லூரி பஸ்ஸையும் பார்க்காதீர்கள். எந்த வார்டில் நிறுத்திப் பழக்குகிறார்கள் என்று கேளுங்கள். சொந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, அதில் எத்தனையில் நோயாளி இருக்கிறார், பிரசவம் நடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். காலிக் கட்டிலைக் காட்டிப் பாடம் எடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அந்த வகையில் உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்: நம்மவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிற ஸ்டான்லியும், கொஞ்சம் தள்ளி சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.சும் நாள் முழுக்கக் கூட்டமாக இருக்கிறவை. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்ஸிங் கல்லூரியில் பி.எஸ்சி. நர்ஸிங் இருக்கிறது. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அரசுக் கலந்தாய்வில் நடக்கும், நீட் தேவையில்லை. அரசு இடத்தை முதல் குறியாக வையுங்கள்.

அது கிடைக்காவிட்டால் மூன்று வருட டிப்ளமோ ஒன்றும் மட்டமல்ல. முடித்தவர்கள் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்து பட்டம் வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்துக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்றால் அந்த வழியைத்தான் சொல்வேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருப்பதால் புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். மாதம் 1,000 ரூபாய், பட்டப் படிப்புக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு. 2022-ல் அதைத் தொடங்கி வைத்ததே உங்கள் பக்கத்து பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் சம்பளம் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். அரசு வேலை எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வழியாக வரும், பெரும்பாலும் முதலில் தொகுப்பூதியம், நிரந்தரம் ஆகக் காத்திருக்க வேண்டும். வெளிநாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பரீட்சை. ஜெர்மனிக்கு அந்த மொழியே படிக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் ஐ.சி.யு., டயாலிசிஸ் மாதிரிப் பிரிவில் நின்றவளுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். நைட் டியூட்டி இருக்கவே இருக்கிறது. எந்தக் கல்லூரி போனாலும் அது தப்பாது. வேலையில் சேரும்போது இரவில் வீடு சேர வண்டி உண்டா, ஹாஸ்டல் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பெங்களூர் கல்லூரி ஏஜென்ட் இந்த வாரமே பணம் கட்டச் சொல்கிறார் என்கிறீர்கள். கட்டாதீர்கள். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, அங்கே படித்துவிட்டு வந்தால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். அவர் ரசீது கொடுத்தால் அது கல்லூரி பெயரில் இருக்க வேண்டும். நம்மூர்க் கலந்தாய்வு முடியும்வரை டி.சி.யும் மார்க் ஷீட்டும் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.