கியூபாவுக்காக ஜெபிப்பது எப்படி? – கேள்வி பதில்

கியூபாவின் மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடை குறித்தும், அதில் திருச்சபையின் ஜெபத்துக்கு உள்ள இடம் குறித்தும் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, தடை அரசின் மீதுதானே விதிக்கப்பட்டது? மக்களுக்காக ஏன் தனியே ஜெபிக்க வேண்டும்?

பதில்: 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி அறிவித்த தடை, ஏட்டளவில் அரசின் மீதானதுதான். ஆனால் அமெரிக்காவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள்: வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகத்துக்குச் சென்ற கப்பல், அடுத்த 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. இதனால் பல கப்பல் நிறுவனங்கள் அந்தத் தீவையே தவிர்க்கின்றன; வருகிறவர்களோ கூடுதல் கூலி கேட்கிறார்கள். சோவியத் உதவி நின்றுபோய், மக்கள் அரைவயிற்றோடு இருந்த காலத்தில்தான் இச்சட்டம் வந்தது. 2000-க்குப் பிறகு அமெரிக்க உணவுப்பொருளை வாங்க வழி திறந்தது. ஆயினும் கடன் கிடையாது, பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். இந்தச் சுமையெல்லாம் கடைசியில் சமையலறையில்தான் வந்து இறங்குகிறது.

கேள்வி: அப்படி ஜெபித்தால் கியூப அரசின் தவறுகளை மூடிமறைத்ததாகாதா?

பதில்: மூடிமறைத்தால் அது ஜெபமே அல்ல. கிறிஸ்துமஸ் விடுமுறையையே 1969-இல் நீக்கிய அரசு அது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் வருகையை முன்னிட்டு, 1997-இல்தான் அவ்விடுமுறை திரும்பியது. 1998 ஜனவரியில் அங்கு சென்ற அவர், மனச்சாட்சியின் சுதந்திரத்தைப் பற்றியும் கைதிகளின் விடுதலையைப் பற்றியும் தயங்காமல் பேசினார். விடைபெறும் நாளில், வெளியிலிருந்து சுமத்தப்படும் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் அநீதியானவை, அறநெறிக்கு ஒவ்வாதவை என்றும் சொன்னார். நம் மன்றாட்டிலும் இவ்விரண்டும் இருக்கவேண்டும்.

கேள்வி: எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் எந்த வார்த்தைகளால் ஜெபிக்கலாம்?

பதில்: புதிதாக எழுத வேண்டாம், அம்மா. 2016 மார்ச் 4 அன்று உலகெங்கும் அனுசரிக்கப்பட்ட உலக ஜெப நாளின் வழிபாட்டு முறையைக் கியூபக் கிறிஸ்தவப் பெண்களே எழுதினார்கள். சிறுபிள்ளைகளை இயேசு அணைத்துக்கொண்ட மாற்கு 10-ஆம் அதிகாரப் பகுதிதான் அதன் மையம். துன்பப்படுகிறவர்கள் எழுதிய ஜெபத்தை நாம் சொல்லும்போது, அவர்களைப் பரிதாபத்தோடு பார்ப்பதை விட்டு, அவர்களுக்கு அருகில் முழங்காலிடுகிறோம். “அந்தத் தேசத்தை ஆசீர்வதியும்” என்ற ஒற்றை வரியில் முடித்துக்கொள்வது நம் பழக்கம். அதை நான் சோம்பல் என்றே சொல்வேன். ஏசாயா 58-ஐயும் உடன் வாசியுங்கள். அங்கே நுகத்தை முறிப்பது 6-ஆம் வசனம், அப்பத்தைப் பகிர்வது 7-ஆம் வசனம்; நாமோ பெரும்பாலும் ஏழிலிருந்துதான் தொடங்குகிறோம்.

கேள்வி: ரோமர் 13, ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே. தடையை மீறி உதவியவர்கள் செய்தது சரியா?

பதில்: அமெரிக்க பாப்திஸ்து போதகர் லூசியஸ் வாக்கர் இக்கேள்வியைத் தன் வாழ்க்கையில் நேருக்குநேர் சந்தித்தவர். ‘சமாதானத்துக்கான போதகர்கள்’ என்ற அவருடைய அமைப்பு, 1992 முதல் மருந்துகளையும் பள்ளிப் பொருட்களையும் வண்டிகளில் ஏற்றிக் கியூபாவுக்குக் கொண்டுசென்றது. அயலானுக்கு உதவ அமெரிக்க அரசிடம் உரிமம் கேட்பது மனச்சாட்சிக்கு விரோதம் என்று கருதி, அவர்கள் வேண்டுமென்றே விண்ணப்பிக்கவில்லை. 1993-இல் டெக்சாஸின் லாரேடோ எல்லையில் அதிகாரிகள் ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்தைத் தடுத்துவைத்தபோது, அவரும் தோழர்களும் அதை விட்டு இறங்காமல் 23 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார்கள். பேருந்து ஹவானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஒளிந்து கடத்தவில்லை, வெளிப்படையாகச் செய்து விளைவையும் ஏற்றார்கள். பவுலின் வார்த்தைகளை அவர்கள் அவமதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிறைக்குப் போன பவுலும் அப்படித்தானே நடந்தார்?

கேள்வி: காணிக்கை அனுப்பலாமா?

பதில்: தனிநபராக அனுப்பினால் ‘கியூபா’ என்ற பெயரைக் கண்டதும் வங்கியே நிறுத்திவிடக்கூடும். உங்கள் திருச்சபைத் தலைமையிடம் முதலில் பேசுங்கள். சீர்திருத்தச் சபையினருக்கு 1941 முதல் இயங்கும் கியூபத் திருச்சபைகள் மன்றமும், கத்தோலிக்கருக்கு 1991-இல் தொடங்கிய கத்தோலிக்க உதவி அமைப்பான கியூபக் காரித்தாஸும் உண்டு.