கேள்வி பதில்: இலவசம் என்றால் அருமை தெரியாதா?

அரசுத் திட்டங்களில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் இப்போது ஊர் ஊராகப் போய்ச் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் பல வருடங்களாக விடாமல் படித்துவருகிறவன் என்ற முறையில், நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

சுமதி, விழுப்புரம்: அண்ணா, பொருளாதாரம் என்றாலே ஜிடிபி, பங்குச் சந்தை என்றுதான் பேசுகிறார்கள். எங்களைப் போன்ற விவசாயக் குடும்பத்துக்கு அதில் என்ன இருக்கிறது?

உங்கள் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை வைத்தே ஒரு பேர்பெற்ற ஆய்வு நடந்திருக்கிறதம்மா. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 விவசாயிகள். கரும்புப் பணம் எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டுக்கு முன்னால் கை வறண்டிருக்கும், வீட்டுப் பொருள் அடகுக் கடையில் இருக்கும். பணம் வந்த பிறகு நிலைமை வேறு. அதே ஆளுக்கு இரண்டு சமயத்திலும் சின்னப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பணமுடை நேரத்தில் தவறுகள் கூடின, விடை சொல்லவும் நேரம் பிடித்தது.

2013இல் வெளியான அந்த முடிவின் மேல் மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். எனக்கு அதைவிட உறுதியாகப் படுவது, பின்னால் ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த சோதனை. ஒரு பகுதியினருக்கு அவர்களுக்குச் சேரவேண்டிய கூலியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். கூலி கூடவில்லை, நாள்தான் முந்தியது. வாங்கிய கையோடு கடனை அடைத்தார்கள், வீட்டுச் சாமான் வாங்கினார்கள். அதன்பின் அவர்கள் தைத்த தட்டு 7 சதவீதம் கூடியது, கவனப் பிசகு குறைந்தது. ஆலை நிலுவையோ நூறு நாள் வேலைக் கூலியோ இழுத்தடிக்கப்படும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும். தாமதத்தில் வட்டி மட்டும் போவதில்லை, வேலை செய்கிறவருடைய கவனமும் போகிறது.

ரவி, சேலம்: இலவசம் என்றால் ஜனங்களுக்கு அருமை தெரியாது, பத்து ரூபாயாவது வாங்கவேண்டும் என்பது என் கட்சி. தவறா சார்?

நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்துச் சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்தபோது இருந்ததைவிட, 60 அமெரிக்க சென்ட் விலை வைத்தபோது வலையை எடுத்துப்போனவர்கள் நூற்றுக்கு 60 பேர் கணக்கில் குறைந்தார்கள். சரி, சும்மா வாங்கியவர்கள் வலையை மூலையில் போட்டார்களா? இல்லை. காசு கொடுத்தவர்கள் அளவுக்கே அவர்களும் கட்டிப் படுத்தார்கள்.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம்தான். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் அது 18 ஆனது. முகாமுக்கு வந்தால் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த ஊர்களில் 39. இதில் நான் பலருக்கும் சொல்வது செலவுக் கணக்கைத்தான். பருப்பு கொடுத்ததால் ஒரு குழந்தைக்கு ஆன செலவு குறைந்தது. நர்ஸ் எப்படியும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். வரும் பிள்ளைகள் கூடினால் அந்தச் சம்பளம் எல்லோருக்குமாகப் பங்காகிவிடும்.

ஜெயக்குமார், சென்னை: ஷிஃப்ட் வேலை. தூங்குவதே ஐந்தாறு மணி நேரம். அதைக் கூட்டினால் வேலை நன்றாக ஓடுமா?

சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்கள். படுக்கையில் 8 மணி நேரம் இருந்தும் உண்மையான தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான், அதுவும் விட்டு விட்டு. படுக்குமிடத்துக்கு வேண்டிய வசதியும் ஊக்கமும் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலையில் மாற்றம் தெரியவில்லை! நிபுணர்கள் எதிர்பார்த்தது வேறு. ஆனால் வேலையிடத்தில் மதியம் போட்ட குட்டித் தூக்கம் வேலைத் திறனையும் மன நலனையும் கூட்டியது. முடிந்தால் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் கண்ணை மூடுங்கள் தம்பி.

பரமேஸ்வரி, மதுரை: குழுக் கடன் வாங்கிப் புதிதாகக் கடை போடலாமா?

யோசித்துச் செய்யுங்கள் அம்மா. ஹைதராபாத்தில் நடந்த பெரிய ஆய்வில், இப்படிக் குழுவாகக் கொடுக்கும் சிறுகடன் வந்த பகுதிகளிலும் குடும்பங்களின் நிலைமை மொத்தத்தில் பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் ஓரளவு கைகொடுத்தது.

இளங்கோ, தஞ்சாவூர்: எங்கோ நடந்த சோதனையை வைத்து எப்படி முடிவெடுப்பது? எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு இன்னொரு ஆள் கேட்டால், வெட்டிச் செலவு என்கிறார்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைத் தொண்டு நிறுவனம் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். அதையே அரசு நடத்தியபோது பலன் இல்லை. யார் நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம்.

அங்கன்வாடி விஷயத்தில் அந்தக் கவலை குறைவு, சோதனை நடந்ததே தமிழ்நாட்டு அரசு மையங்களில்தான். ஒரு மையத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டீச்சர் ஒரு கைக்குழந்தையைத் தராசில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார். வாசலில் ஒரு கர்ப்பிணி சத்துமாவுக்கு நிற்கிறார். ஆயா அடுப்படியில் இருக்கிறார். பதினைந்து பிள்ளைகள் சுவரில் இருக்கும் ‘அ, ஆ’வைத் தாங்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

320 மையங்களை எடுத்துக் குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் முந்தினார்கள். டீச்சருக்குச் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் கடும் சத்துக்குறைவும் குறைந்தன. ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் நீண்டகாலப் பலன் செலவைப்போலப் பல மடங்கு. இதை ஏன் இன்னும் எல்லா மையங்களுக்கும் செய்யவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அடுத்த கிராம சபையில் ‘இன்னொரு ஆள் வேண்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘டீச்சர் எடை போடும் நேரத்தில் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது?’ என்று கேளுங்கள். தீர்மானத்திலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.