மோட்டார் கன்ட்ரோலருக்குள் கம்பெனிக்காரரை விடலாமா?

கேள்வி: கிணற்று மோட்டாரையும் மாடித் தொட்டியையும் கவனிக்க, இன்டர்நெட்டில் இணையும் கன்ட்ரோலர் வாங்கினோம். மகன் துபாயில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரைப் போடுவான், நிறுத்துவான். இப்போது அடிக்கடி 'ஆஃப்லைன்' என்கிறது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் சரியாகிறது. வாரண்டி இருக்கிறது. ஆனாலும் ஆள் வந்து பார்க்க 2,500 ரூபாயாம். "ரவுட்டரில் 23-ஆம் போர்ட்டைத் திறந்து வையுங்கள், இங்கிருந்தே டெர்மினலில் பார்க்கிறோம், காசு வேண்டாம்" என்கிறார்கள். திறக்கலாமா?
- வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: அங்கிருந்தே பார்க்கட்டும், அதில் தப்பில்லை. போர்ட்டை மட்டும் திறக்க வேண்டாம்.

போர்ட் என்பது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் ஒரு வாசல் மாதிரி. 23 என்பது டெல்நெட்டின் எண்; தூரத்தில் இருந்தபடியே டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடிக்கும் திரையில், ஒரு கருவிக்குள் போகும் பழைய முறை அது. அதில் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே மறைப்பில்லாமல் போகும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், டெல்நெட் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகளையே போட்டுப் பார்த்துத்தான் லட்சக்கணக்கில் நுழைந்தது. உங்கள் வீட்டில் நுழைகிறவன் கைக்கு மோட்டார் சுவிட்சும் அல்லவா போகும்!

இப்படிச் செய்யுங்கள். வீட்டு வைஃபையில் ஒரு லேப்டாப்பை இணைத்து, பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எனிடெஸ்க் போல, தூரத்திலிருந்தே திரையைப் பார்த்து இயக்கவிடும் மென்பொருள் ஒன்றின் வழியாகக் கம்பெனிக்காரர் லேப்டாப் திரைக்கு வந்து, அங்கிருந்து புட்டி என்ற இலவச மென்பொருளில் கன்ட்ரோலருக்குள் போகட்டும். எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் முறை கன்ட்ரோலரில் இருந்தால் நல்லது. டெல்நெட்தான் என்றாலும், இப்போது அது வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டாது. வங்கிப் பக்கம் எதுவும் அந்த லேப்டாப்பில் திறந்திருக்கக் கூடாது. முடியும் வரை யாராவது பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் எனிடெஸ்க்கை மூடிவிட்டு, கன்ட்ரோலரின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மோட்டாருக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை முன்னாலேயே இறக்கி வைப்பது நல்லது. கன்ட்ரோலர் நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் மோட்டார் தானாக ஓடிவிடலாம்.

புட்டியில் தொடங்கும் முன்பே லாகிங்கை இயக்கச் சொல்லுங்கள். அவர் அடித்த கட்டளைகளும் வந்த பதில்களும் கோப்பாக உங்களிடம் தங்கும். பிறகு "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று வாய்வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

அடுத்த முறை ஆஃப்லைன் ஆனால் உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தடயமும் போய்விடும். லேப்டாப்பிலிருந்து கன்ட்ரோலரின் ஐபி முகவரிக்கு (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) பிங் அடியுங்கள்; 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. ரவுட்டர் அந்த முகவரியை மாற்றியிருக்கவும் கூடும், அதையும் பாருங்கள். பதில் வந்தால் கன்ட்ரோலர் உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பிராட்பேண்டிலோ கம்பெனியின் சர்வரிலோ இருக்கும். வராவிட்டால் கன்ட்ரோலரையோ அதற்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள இணைப்பையோ சந்தேகிக்கலாம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கன்ட்ரோலர் என்றால், கம்பெனிக்காரரை அப்டைம் என்ற கட்டளையைப் போடச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் ஆனது என்பது அதில் தெரியும். நீங்கள் கை வைக்காமலே ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் முதலில் கரண்ட் ஏற்ற இறக்கத்தையும் அடாப்டரையும் பார்க்க வேண்டும்.

டெர்மினலுக்குத் தெரியாததும் உண்டு. உங்கள் ஊர் உப்புக் காற்றில் லேன் கேபிளின் பின்கள் பச்சை பிடித்திருந்தால், பிங் விட்டு விட்டு வரும், அவ்வளவுதான். அதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

சரி, 2,500 ரூபாய்? வாரண்டி அட்டையைப் படியுங்கள். வீட்டுக்கு வந்து சரிசெய்வதாக எழுதியிருந்தால் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். அப்புறம் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில்லோடு அந்த லாக் கோப்பையும் வையுங்கள்.

கேள்வி: இதே மாதிரி ஒன்று வாங்க நினைக்கிறேன். கடையில் என்ன கேட்பது?
- வாசகர், தக்கலை

பதில்: அட்மின் பாஸ்வேர்டை உங்கள் கையில் தருவார்களா என்று கேளுங்கள். "அது கம்பெனிக்கு மட்டும்தான்" என்றால் வேறு கடை பாருங்கள். கம்பெனி மூடிக்கொண்டால் அந்தப் பெட்டிக்குள் யாருமே போக முடியாது. கூடவே, இன்டர்நெட் இல்லாதபோதும் மோட்டாரைக் கையால் போட சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.