ஒரு பவுனுக்கு எத்தனை பழைய போன்? மின்கழிவு பற்றிய கேள்வி பதில்

உவர்மலை: சேர், பழைய போனிலிருந்து வீட்டிலேயே தங்கம் எடுக்கலாமோ? வீடியோவில் சுகமாகச் செய்கிறார்கள்.

தம்பி, ஒரு போனில் ஏறத்தாழ 0.03 கிராம் தங்கம். ஒரு பவுன் சேர 260க்கு மேற்பட்ட போன் வேண்டும். வீடியோக்காரர் ஊற்றுவது இராச திராவகம், தங்கத்தையே கரைக்கும் கடும் அமிலக் கலவை. அதில் எழும் மண்ணிறப் புகையை மூச்சில் இழுத்தால் முதலில் வெறும் இருமல்தான். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். வீட்டில் அமிலம் வேண்டாம்.

கிண்ணியா, பழைய இரும்புக் கடை: வயரை எரித்தால் செம்பு லேசாக வருதே?

எரிக்காதீங்க நானா. வயரின் உறையில் குளோரின் இருக்கு. எரியும்போது டயொக்சின் என்ற கொடிய நச்சு உண்டாவதைச் செம்பே தூண்டிவிடும். உரித்தெடுத்த செம்புக்குத்தான் விலையும் கூட.

நிலாவெளி: வளாகத்தில் படிக்கிறேன். ஆய்வுக்கு எந்தப் பக்கம் போகலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், தங்கச்சி. பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் இருப்பது போன்ற, மின்கழிவை உருக்கும் பெரும் உலை நமக்கு எட்டாது. பற்றீரியா எட்டும். அசிடிதயோபசிலஸ் ஃபெரொஒக்சிடன்ஸ் என்ற பற்றீரியா இரும்பு அயனை ஒட்சியேற்ற, அந்த இரும்பு மின்சுற்றுப் பலகையில் (சேர்க்கிட் போட்) உள்ள செம்பைக் கரைக்கும். போட் தூளைக் கூடப் போட்டால் அதன் நச்சிலேயே பற்றீரியா சாகும். எவ்வளவு தூளைத் தாங்கப் பழக்கலாம் என்பதே நல்ல ஆய்வு. சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்தில் பாற்கட்டி செய்து மிஞ்சும் மோர்ப் புரதத்தில் தங்கத்தை உறிஞ்சும் பஞ்சு செய்து, 20 மதர்போட்டிலிருந்து 450 மில்லிகிராம் தங்கம் எடுத்ததாக 2024இல் வெளியிட்டார்கள். அங்கும் முதலில் அமிலத்தில் கரைத்தார்கள், ஆனால் ஆய்வுகூடத்தில்.

குச்சவெளி: புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே காந்தத்துக்கு வேண்டிய அருமண் மூலகம் இருக்கே, பிறகேன் குப்பையைக் கிளறவேண்டும்?

மொனசைட் என்ற அருமண் கனிமம் இருக்கிறது, உண்மை. அதில் சீரியமும் இலந்தனமும்தான் பெரும்பங்கு. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் குறைவு. பிரித்தால் தோரியம் கதிரியக்கக் கழிவாக மிஞ்சும். அதை எந்த ஊரில் வைப்பீர்கள்? கணினி ஹாட் டிஸ்க் காந்தத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் அருமண், பெரும்பாலும் நியோடிமியம்.

குச்சவெளி: ஒரு டிஸ்கில் சில கிராம் காந்தம். மணல் மலையாகக் கிடக்கு சேர்!

அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் காந்தத்தில் தோரியம் இல்லை, பிரிக்கும் வேலையில் பெரும்பகுதி முன்பே முடிந்திருக்கிறது. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஐதரசன் வாயுவால் காந்தத்தைத் தூளாக்கி, அந்தத் தூளிலேயே புதுக் காந்தம் செய்கிறார்கள். மணலுக்குக் கரையைத் தோண்டவேண்டும். அந்தக் கரையில் வலை இழுக்கிறவர்களைக் கேளுங்கள்.

மூதூர்: தங்கம் எடுக்க எந்த அமிலம் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

தம்பலகாமம்: போன் பற்றரி பொங்கிவிட்டது.

குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, வெயில் படாமல், மணல் போட்ட தகரத்தில் வையுங்கள். பிறகு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

சீனக்குடா: அமிலம் இல்லாமல் சயனைட்டால் எடுக்கலாமாமே?

கூடவே கூடாது. சயனைட்டில் அமிலம் பட்டால் எழும் வாயு ஆளைக் கொல்லும். வீட்டில் தங்கம் எடுப்பது பற்றிய கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன். காந்தம் பற்றி இன்னும் இருந்தால் கேளுங்கள்.