பணம் கட்டிய பிறகு கேட்காதீர்கள்: பட்டப்படிப்புக் கேள்வி-பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு திருகோணமலை மாவட்டமெங்கும் இருந்து கடிதங்களும் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியாது, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊரைத் தவிர வேறு அடையாளம் போடவில்லை.

*மூன்று வருஷப் பட்டத்தோடு நிறுத்தவா, நான்காம் வருஷமும் படிக்கவா? வீட்டில் கஷ்டம். (உப்புவெளி)*

தங்கச்சி, எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். படிப்புகளை மட்டம் மட்டமாக அடுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருஷ இளமாணி 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருஷச் சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம், 120 கிரெடிட். வருஷத்துக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெடிட் என்றால் மொத்தம் 50 மணித்தியாலப் படிப்பு, அதில் விரிவுரை 15 மணித்தியாலம்தான், மிச்சமெல்லாம் நீங்கள் தனியே உட்கார்ந்து படிக்க வேண்டியது, பரீட்சைக்கு முதல் கிழமை மட்டும் கொப்பி திறக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் விளங்காது. "பட்டதாரி" என்று மட்டும் கேட்கிற அரசாங்க வேலைகளுக்கு மூன்று வருஷம் போதும். ஆராய்ச்சி, விரிவுரையாளர் வேலை, வெளிநாட்டு முதுமாணி என்றால் நான்காம் வருஷத்தை விடாதீர்கள். பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பம் மாதிரியான நெறிகளில் தொழிற்பயிற்சியும் செயற்றிட்டமும் பெரும்பாலும் கடைசி வருஷத்தில்தான் வரும், மூன்றோடு இறங்கினால் வேலை தருகிறவர் கேட்கிற பகுதியையே விட்டுவிட்டு வருகிறீர்கள். "பிறகு வந்து நான்காம் வருஷம் படிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

*மகனைத் தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்த்து முதல் தவணைப் பணமும் கட்டிவிட்டோம். "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது" என்று பலகையில் இருக்கிறது. அந்தப் பட்டம் செல்லுமா? (கிண்ணியா)*

கட்டிய பிறகு கேட்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் இதைத்தான் எழுதுகிறேன்: முதலில் கேளுங்கள், பிறகு கட்டுங்கள்.

சரி, பலகையில் இருக்கிற "பதிவு" எந்தப் பதிவு? கம்பனிப் பதிவு என்றால் அது சீமெந்துக் கடைக்கும் இருக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு என்றால் சான்றிதழ், டிப்ளோமா நடத்தலாம், அதை வைத்துப் பட்டம் கொடுக்க முடியாது. அரச சார்பற்ற நிறுவனம் தானே பட்டம் வழங்க வேண்டுமென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் 1985இல் சேர்த்த 25அ பிரிவின் கீழ் அமைச்சர் கட்டளை போட்டு வர்த்தமானியில் வெளியிட்டிருக்க வேண்டும். பலரும் தவறவிடுகிற விஷயம், அந்த அங்கீகாரம் நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதோடு முடிவதில்லை. எந்தப் பட்டத்துக்கு என்று பார்க்க வேண்டும். முகாமைத்துவப் பட்டத்துக்கு அனுமதி உள்ள இடம் நாளைக்கு உளவியல் பட்டம் தொடங்கினால், அதற்குத் தனியாக அனுமதி வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்றால் கணக்கு வேறு. அப்போது பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகம், நம்மூர்க் கட்டடம் வெறும் வகுப்பறை. அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைந்நூலிலோ இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும், நீங்களும் அதையே பாருங்கள். பட்டத் தாளில் யார் பெயர் அச்சாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் இரண்டாம் தவணையைக் கட்டாதீர்கள்.

*என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) 5 முடித்தவர் பட்டம் படிக்கலாமா? (மூதூர்)*

படிக்கலாம். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் (2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம்) அதற்காகவே உண்டாக்கப்பட்டது. அங்கே பட்டம் என்.வி.கியூ. 7, சட்டகத்தில் 5ஆம் மட்டத்துக்கு நிகர். அது மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வராது, அதனால் போலி என்று சொல்லுகிற அண்ணன்மாரின் பேச்சைக் கேட்காதீர்கள். கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் தனிச் சட்டத்தில்தான் இயங்குகிறது, நம்மூர்க் கடற்படைக் கல்லூரியில் பயிலும் கடேற் அதிகாரிகளுக்கும் பட்டம் அங்கிருந்துதான்.

*ஏ.ரி.ஐ.யில் எச்.என்.டி. கணக்கியல் முடித்தேன். இது பி.கொம். பட்டத்துக்குச் சமம்தானே? நேர்முகத் தேர்வில் இல்லை என்கிறார்கள். (தம்பலகாமம்)*

இந்தச் சண்டைக்கு வயது அதிகம், தம்பி. 2015 ஒக்டோபரில் கொழும்பு வார்ட் பிளேசில் மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முன்னால் எச்.என்.டி. மாணவர்கள் அடி வாங்கியதும் இதற்காகத்தான். ஏ.ரி.ஐ.களை நடத்துகிற உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது, அது தருவது உயர் தேசிய டிப்ளோமா (எச்.என்.டி.). சட்டகத்தின் 4ஆம் மட்டம் உயர் டிப்ளோமா, 5ஆம் மட்டம் பட்டம். "சமம்" என்று எங்கோ ஒரு சுற்றறிக்கை இருந்தால் அது அந்தந்த வேலைக்கு ஆள் எடுப்பதற்கு மட்டும் செல்லும், எல்லா இடத்துக்கும் செல்லாது. ஆகவே நேர்முகத் தேர்வில் வாதாடாதீர்கள். அந்தப் பதவியின் ஆட்சேர்ப்பு நடைமுறையை எடுத்து, அதில் எச்.என்.டி. என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிரதியைக் கையில் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் மேலே படியுங்கள், திறந்த பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையிலும் கற்கை நிலையம் இருக்கிறது. ஏற்கெனவே படித்த பாடங்களில் எதைக் கழித்துத் தருவார்கள் என்று சேர்வதற்கு முன் கேளுங்கள்.

*மகனுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி முடிக்க வேண்டும். அவன் வேறு பரீட்சைக்குப் படிக்கிறான், போக நேரமில்லை. தெரிந்த ஹோட்டலில் கடிதம் எடுத்துத் தர முடியுமா சேர்? (உவர்மலை)*

முடியாது. இன்னொரு முறை இதைக் கேட்டு எழுதாதீர்கள்.

இதே கடிதக் கட்டுக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பயிற்சிக்கு நிற்கிற பிள்ளையின் தாய் எழுதியது. விருந்தோம்பல் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளை, நான்கு மாதமாகப் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள், சலவைக்குப் போகிற துவாய்களை எண்ணிக் கட்டுகிறாள், சீசன் நாட்களில் இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள். கொடுப்பனவு இல்லை. படிக்கிற நிறுவனத்திலிருந்து யாரும் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. "பயிற்சி என்றால் இப்படித்தானா?" என்று கேட்கிறார்.

இரண்டு கடிதமும் ஒரே நோயைத்தான் காட்டுகின்றன. ஒரு பக்கம் பயிற்சி வெறும் கடிதம், மறுபக்கம் பயிற்சி இலவச வேலையாள். எனக்கு இதில் ரொம்ப நாள் கோபம், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டகத்தின்படி தொழிற்பயிற்சியில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம், வகுப்பறைப் பாடத்தைப்போல இரண்டு மடங்கு. ஆறு மாதம், கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் ஏறத்தாழ 1000 மணித்தியாலம், அதாவது பத்து கிரெடிட் அளவு. ஒரு வருஷப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு! இதைக் கடிதம் வாங்கி முடிக்கிறவர், மூன்றில் ஒரு பங்கு பரீட்சைக்கு ஆள்மாறாட்டம் செய்தவர் மாதிரித்தான்.

பயிற்சிக் குறிப்பேடுகள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, "இன்று முகப்புக் கருமபீடத்தில் கடமையாற்றினேன்" என்று பக்கத்துக்குப் பக்கம், நடுவில் போயா தினத்திலும் ஞாயிறிலும்கூடக் கடமையாற்றியிருக்கிறார், மேற்பார்வையாளர் கையொப்பம் முழுவதும் ஒரே நாளில் போட்டது போல மை கூடக் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் "அறை நிரம்பல் வீதம் எப்படிக் கணக்கிடுவது?" என்று கேட்டால் முகட்டைப் பார்க்கிறது. கடிதம் கொடுத்த முதலாளி, கையொப்பம் போட்ட முகாமையாளர், எட்டிப் பார்க்காத விரிவுரையாளர், "எப்படியாவது முடித்துத் தாங்கோ" என்று வந்து நிற்கிற தகப்பன், எல்லாரும் சேர்ந்து செய்த வேலை அது.

அந்தத் தாய்க்கு: படுக்கை விரிப்பு மாற்றுவது கேவலமில்லை, அறைப் பராமரிப்புப் பகுதியில் சில கிழமை நின்றால்தான் பிறகு அந்தப் பகுதியை நடத்தத் தெரியும். ஆனால் நான்கு மாதமும் அதுவேதான் என்றால் அது பயிற்சி இல்லை. உங்கள் பிள்ளையின் கற்கைநெறிக் கைந்நூலில் பயிற்சிக்கு ஒரு பக்கம் இருக்கும்: எந்தெந்தப் பகுதியில் எத்தனை கிழமை, யார் மேற்பார்வை, எத்தனை முறை வருவார்கள், எதற்கு எத்தனை புள்ளி. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பயிற்சி இணைப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்த இடத்துக்கு எந்த நாள் வரை என்ற ஒப்பந்தத்தின் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஊடாக வந்த பயிற்சி என்றால் அவர்களிடமும் முறையிடலாம். நம்மூரில் இடம் இல்லை என்ற சாட்டு எனக்கு வேண்டாம், சீனன்குடாவில் மாவாலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கரையோரம் முழுக்க ஹோட்டல்கள். இடம் தேடிக் கொடுப்பது படிப்பிக்கிறவர் வேலை, கட்டணத்தில் அதற்கும் சேர்த்துத்தானே வாங்குகிறார்கள்.

உவர்மலை அப்பாவுக்கு: மகனுக்கு நேரமில்லை என்றால் பயிற்சியை அடுத்த அரையாண்டுக்குத் தள்ளிவைக்க விண்ணப்பியுங்கள். விதியில் இடம் இருக்கும்.

*தொழில்நுட்பப் பாடத்துறையில் படித்தேன். பி.ஈ.ரி. முடித்தால் பொறியியலாளர் என்று போடலாமா? (குச்சவெளி)*

பொறியியல் பீடத்துப் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பவியல் பட்டமும் (பி.ஈ.ரி.) இரண்டு தண்டவாளம். இரண்டும் நான்கு வருஷம், இரண்டும் 6ஆம் மட்டம், அதனால் ஒன்றாகிவிடாது. பொறியியல் பட்டங்கள் வாஷிங்டன் உடன்படிக்கை என்ற சர்வதேச அங்கீகார ஒப்பந்தத்தைப் பார்த்து அமைக்கப்படுகின்றன, தொழில்நுட்பவியல் பட்டங்களுக்கு உரியது சிட்னி உடன்படிக்கை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்தின் பிறகு இந்தத் துறையில் தொழில் செய்கிறவர்கள் வகை வகையாகப் பதிய வேண்டும். உங்கள் பட்டம் எந்த வகைக்குள் வரும் என்பதைப் பீடத்திடமே கேளுங்கள், எழுத்தில். பி.ஈ.ரி. குறைந்த பட்டம் இல்லை, தொழிற்சாலைக்காரர்கள் ஆய்வுகூடத்தில் கை பழகின ஆளைத்தான் தேடுகிறார்கள். ஆனால் பெயருக்கு முன்னால் எதையாவது போடத்தான் படிக்கிறேன் என்றால் வேறு வழி பாருங்கள்.

*ஜேர்மனியில் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதே, அது நம்முடைய டெக் மாதிரியா? இங்கத்தைய மூன்று வருஷப் பட்டத்தோடு அங்கே முதுமாணிக்குப் போகலாமா? (அலஸ்தோட்டம்)*

டெக், அதாவது தொழில்நுட்பக் கல்லூரி மாதிரி இல்லை. ஹோக்ஷூல என்று சொல்வார்கள், இளமாணியும் முதுமாணியும் மற்றப் பல்கலைக்கழகத்துப் பட்டங்களுக்குச் சட்டப்படி நிகர். வித்தியாசம், படிப்புக்குள்ளேயே ஒரு அரையாண்டு தொழிலிடத்தில் கழியும், கலாநிதிப் பட்டம் கொடுக்கிற உரிமை பெரும்பாலானவற்றுக்கு இல்லை. அங்கே இளமாணி 180 அல்லது 210 ஐரோப்பியக் கிரெடிட். அவர்கள் கிரெடிட் 25 முதல் 30 மணித்தியாலம், நம்முடையது 50, ஆகவே நம்முடைய ஒன்றை அவர்களுடைய இரண்டு என்று உத்தேசமாக வைக்கலாம். உங்கள் 90, அங்கே 180 ஆகும். 210 கேட்கிற முதுமாணிக்கு 30 குறையும், அங்கேதான் பலர் திரும்பி வருகிறார்கள். விண்ணப்பிக்க முன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை ஜேர்மனி ஏற்கிறதா என்று காட்டும் அனபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (ஏற்கப்பட்டது என்ற குறி) இருக்கிறதா என்று பாருங்கள், இலவசம். முகவருக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

*கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் எத்தனை வருஷம்? (சம்பூர்)*

ஐந்து வருஷம், அப்புறம் ஒரு வருஷம் உள்ளகப் பயிற்சி. உயிரியல் பாடத்துறை வேண்டும்.

*திருகோணமலைப் பிள்ளைகளுக்குத் தனிக் கோட்டா இருக்கிறதாமே? (மூதூர்)*

தனியாக இல்லை. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அந்தப் பதினாறில் நாமும் ஒன்று. சில கற்கைநெறிகளுக்கு முறை வேறு, மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைக் கடையில் வாங்கினால் அட்டையைப் பார்த்துவிட்டு வைக்காமல் உள்ளே படியுங்கள்.

*மூன்று மாதத்தில் இணையவழிக் கலாநிதிப் பட்டம், ஒன்றரை இலட்சம். மாமா எடுக்கலாம் என்கிறார். (பெரியகடை)*

கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், முழுநேரமாக ஆராய்ச்சி செய்தால் குறைந்தது மூன்று வருஷம். மாமாவிடம் பணம் மிச்சம் இருந்தால் கூரையைத் திருத்தச் சொல்லுங்கள்.

*எந்தக் கோர்ஸ் நல்லது? (ஊர் போடவில்லை)*

பாடத்துறை இல்லை, பெறுபேறு இல்லை, இசட் புள்ளி இல்லை, படிக்கப் போவது ஆணா பெண்ணா, தகப்பனா மகனா என்றுகூட இல்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.