டி-33 ஜெட் பயிற்சி விமானம் ஏன் தேவைப்பட்டது?

பி-80 ஜெட் போர் விமானம் இருக்கும்போது டி-33 என்று தனியாகப் பயிற்சி விமானம் எதற்கு என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். அமெரிக்காவின் பி-80இல் ஒரே இருக்கை. முதல் முறை ஏறும்போதே விமானி தனி ஆள். ஜெட் எஞ்சினில் விசைக் கைப்பிடியைத் தள்ளினாலும் உந்துவிசை சில விநாடி தாமதமாகத்தான் வரும். தரையிறங்கும்போது அது உயிருக்கே உலை வைத்துவிடும். போரில் 40 எதிரி விமானங்களை வீழ்த்திய அமெரிக்க விமானி ரிச்சர்ட் பாங் கூட 1945 ஆகஸ்டில் பி-80 விபத்தில் இறந்தார்.

பி-80ஐத் தயாரித்த லாக்ஹீட் நிறுவனம் டி-33க்காகப் புதிதாக எதையும் வரையவில்லை. பி-80இன் உடலை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீட்டி, பின்னால் பயிற்றுநருக்கு இருக்கையும் இரட்டைக் கட்டுப்பாடும் வைத்தார்கள். அதற்காக உடலுக்குள் எரிபொருள் இடம் குறைந்தது. அருமையான தீர்வு! 1948 மார்ச் 22இல் சோதனை விமானி டோனி லெவியர் அதை முதன்முதலாக ஓட்டினார். அப்புறம் கனடாவிலும் ஜப்பானிலும் தயாரானவற்றையும் சேர்த்து 6,500க்கும் மேற்பட்ட டி-33 விமானங்கள் தயாராயின.