ஃபிளாஸ்க் மாட்யூல்களிலிருந்து டேட்டாபேஸும் ஷெட்யூலரும்: ஒரே எஸ்எம்எஸ் ஏன் நான்கு முறை போகிறது?

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு ஃபிளாஸ்க்கில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) அறைப்பதிவுச் செயலி. புக்கிங், பில்லிங், நினைவூட்டல் என்று மூன்று மாட்யூல். மெயின் ஃபைலிலிருந்து டிபியை (டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்) இம்போர்ட் செய்தால் சர்குலர் இம்போர்ட் எரர் (ஃபைல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் சிக்கல்). காலை 9 மணி செக்-அவுட் எஸ்எம்எஸ் ஒவ்வொருவருக்கும் நான்கு முறை போகிறது.

பதில்:

முதலாவது சுலபம். 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தனி ஃபைல் வைத்து, அதில் டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல்-அல்கெமி ஆப்ஜெக்ட்டை ஆப் இல்லாமல் வெறுமனே உருவாக்குங்கள். மூன்று மாட்யூலும் அதைத்தான் இம்போர்ட் செய்ய வேண்டும், மெயினை அல்ல. ஆப்போடு இணைக்கும் 'இனிட்_ஆப்' வரி 'கிரியேட்_ஆப்' ஃபங்ஷனுக்குள் இருக்கட்டும்.

நான்கு என்ற எண்ணிலேயே இரண்டாவதற்கு விடை இருக்கிறது. செயலியை இயக்கும் வெப் சர்வரான குனிகார்னை 4 வொர்க்கரோடு ஓட்டுகிறீர்கள். ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் ஒரு ஏபிஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லைப்ரரி). (உங்கள் லேப்டாப்பில் இரண்டு முறை போனால் அது, கோடு மாறினால் செயலியைத் திரும்பத் தொடங்கும் டீபக் ரீலோடரின் வேலை.) ஜாப் ஸ்டோரை (வேலைகளின் பட்டியல்) டேட்டாபேஸில் வைத்தாலும் தீராது: ஏபிஷெட்யூலர் 3-இல் ஒரே ஜாப் ஸ்டோரைப் பல ப்ராசஸ்கள் பகிர முடியாது. ஒரு ப்ராசஸ் மட்டும் ஓடும்படி பூட்டும் லாக் ஃபைல் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஷெட்யூலரை வெப் செயலியிலிருந்து பிரித்து, லினக்ஸில் பின்னணியில் ஓடும் தனி சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டுங்கள். புக்கிங் மாட்யூல் ஷெட்யூலரைத் தொடவே வேண்டாம்; 'நினைவூட்டல்' டேபிளில் பதிவு எண், அனுப்ப வேண்டிய நேரம், அனுப்பியாயிற்றா என்று ஒரு வரி எழுதினால் போதும். ஷெட்யூலர் 60 விநாடிக்கு ஒருமுறை நேரம் கடந்த, அனுப்பாத வரிகளை எடுக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குபவர்களிடம் டாக்டர் "இன்னும் ரெண்டு நாள் இருங்க" என்பது வேலூரில் தினசரி நடப்பது. அப்போது ஜாபைத் தேடி நீக்க வேண்டியதில்லை, அந்த வரியில் நேரத்தை மாற்றினால் முடிந்தது.

ஜாபுக்குள் சறுக்கும் இடங்கள்:

ஒவ்வொரு ஓட்டத்திலும் 'ஆப்_காண்டெக்ஸ்ட்'டை (எந்த ஆப்புக்காக ஓடுகிறது என்று ஃபிளாஸ்க்குக்குச் சொல்லும் சூழல்) புதிதாகத் திறந்து மூடுங்கள். திறக்காவிட்டால் 'வொர்க்கிங் அவுட்சைட் ஆஃப் அப்ளிகேஷன் காண்டெக்ஸ்ட்' எரர். ஒரே காண்டெக்ஸ்ட்டை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் அது இன்னும் மோசம், எரரே வராது: கமிட் ஆகாத (டேட்டாபேஸில் முடித்து உறுதிசெய்யாத) பழைய செஷன், மைஎஸ்க்யூஎலின் ரிப்பீட்டபிள் ரீடில் (முதலில் படித்த நிலையையே திரும்பக் காட்டும் முறை) புது வரிகளைக் காட்டாது.

ஒரு எஸ்எம்எஸ் போனதும் அந்த வரியை அனுப்பியாயிற்று என்று குறித்து உடனே கமிட். கடைசியில் மொத்தமாகச் செய்தால், நடுவில் நின்றுபோகும்போது முதலில் வாங்கியவர்களுக்கே மறுபடியும் போகும்.

எஸ்எம்எஸ் கேட்வேயை (எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை) அழைக்கும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பாக டைம்-அவுட் கிடையாது; 10 விநாடி கொடுங்கள். எஸ்எம்எஸ் கேட்வே தொங்கினால் ஜாப் முடியாது. 'மேக்ஸ்_இன்ஸ்டன்ஸஸ்' (ஒரே ஜாப் ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற வரம்பு) 1 என்பதால் அடுத்தடுத்த ஓட்டங்கள் லாக் பதிவில் (log) ஒரு எச்சரிக்கையோடு விடுபட்டுப் போகும்.

நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்து, திரையில் மட்டும் ஏசியா/கொல்கத்தாவுக்கு (இந்திய நேரம்) மாற்றுங்கள். யுடிசி சர்வரில் மாற்றாமல் 9 என்று எழுதினால், எஸ்எம்எஸ் மதியம் 2.30-க்குத்தான் போகும்.